வேலையைக் காட்டும் வேலை

ரூபாய்க் குறியை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. மளிகைக்கடைப் பில்லிலும் செல்போன் திரையிலும் அது பழகிப்போய்விட்டது. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். போட்டிக்கு வந்தவை மூவாயிரத்துக்கும் மேல். இறுதிச் சுற்றை எட்டியவை ஐந்துதான்.

அந்தக் குறியை மட்டும் வெள்ளைத்தாளின் நடுவில் ஒட்டிக் காட்டினால் என்ன தெரியும்? ஓர் எழுத்து, இரண்டு கோடு. தேவநாகரி 'ர'வும், நிமிர்ந்த காலை எடுத்துவிட்ட ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒரே உருவத்தில் அடங்கியிருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். மேலே ஓடும் இரு கோடுகளும் நடுவில் விட்ட வெளியும் மூவண்ணக் கொடியை நினைவூட்டுகின்றன; மேற்கோடு, தேவநாகரி எழுத்துகள் தொங்கும் தலைக்கோடும்கூட. படம் அதேதான். பார்ப்பவர் அதன் முன் நிற்கும் நேரம் கூடிவிட்டது.

டிசைனர் தன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்கும் இதுவே பாடம். போர்ட்ஃபோலியோ என்பது இத்தாலிய வேர்கொண்ட சொல். தாள்களைச் சுமக்கும் உறை என்று பொருள். ஓவியர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன அந்த உறைதான் கிராஃபிக் டிசைனர்களுக்கு இன்று வலைத்தளமாகியிருக்கிறது. உறைக்கு ஒரு வசதி இருந்தது. டிசைனர் எதிரே உட்கார்ந்து, தாளைப் புரட்டிப் புரட்டி, இது ஏன் இப்படி என்று வாயால் சொல்லிவிடுவார். வலைத்தளத்தைக் கிளையன்ட் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் பார்க்கிறார். அன்று வாயால் சொன்னதை இங்கே பக்கமே சொல்லியாக வேண்டும்.

ஒரு ஸ்வீட் கடை லோகோ என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் என்ன கேட்டு வந்தார்? அட்டைப்பெட்டி இரண்டே நிறத்தில் அச்சாக வேண்டும் என்ற நெருக்கடி எப்படிப்பட்டது? எந்த வரைவுகளைத் தூக்கிப் போட்டீர்கள், ஏன்? நாலு பத்தி போதும். பிறகு கடைவாசலில் ஏறிய போர்டை நேரில் போய் போட்டோ எடுத்துப் போடுங்கள். மாக்கப் என்று ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிப்படத்தில், சலவைக்கல் மேஜைமேல் விசிட்டிங் கார்டு மிதப்பதை எல்லோரும் பார்த்துச் சலித்தாயிற்று. வெயிலில் வெளுத்த போர்டாக இருந்தாலும் அது நிஜம். குழுவாகச் செய்த வேலையென்றால் உங்கள் பங்கு எது என்று எழுதிவிடுங்கள். மாணவர் கற்பனையாகச் செய்த லோகோவுக்குக் கற்பனை என்றே பெயர் போடலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

எத்தனை வேலை வைப்பது? பத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. செய்ததையெல்லாம் கொட்டினால், அதில் சுமாரானதுதான் முதலில் கண்ணில் படும். கல்யாணப் பத்திரிகை செய்து அலுத்தவர் அதையே முகப்பில் வைத்தால், அடுத்த முகூர்த்தத்துக்கும் அதே வேலைதான் வரும்.

அச்சுக்குச் செய்து பழகியவர்கள் சறுக்கும் இடம் வேறு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 பிக்சல். சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. செல்போன் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 பிக்சலை ஒட்டித்தான் இருக்கிறது. அளவைக் குறைத்து, கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி போன்ற வடிவில் சேமித்தால் பக்கம் சட்டென்று திறக்கும். நிறமும் ஏமாற்றும். மை ஒளியை விழுங்குகிறது. திரை ஒளியை உமிழ்கிறது. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் வகுத்த எஸ்ஆர்ஜிபி நிற எல்லைக்குள் அச்சின் தூய சயான் அடங்காது. அதனால் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே கோப்பைத் திரைக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, கண்ணால் பார்த்துச் சரிசெய்த பிறகே ஏற்ற வேண்டும்.

தமிழில் வேலை செய்பவருக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் டைப் செய்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுவிடும் எழுத்துரு. உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கிலம்தான். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியும், பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், பாலூ தம்பி என்று காசில்லாமல் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள் இருக்கின்றன. வரி இடைவெளியையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று வைத்த நெருக்கமான இடைவெளியில் தமிழை ஊற்றினால், மேல்வரியின் 'கூ' கீழிறங்கி, கீழ்வரியின் 'கீ' மேலேறி, இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தே தொழிலாக உள்ளவரின் தளத்தில் இது நடந்தால் லோகோவை யார் நம்புவார்கள்?

ஒரு காலத்தில் டிசைனர்கள் தளங்களை ஃப்ளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்து தள்ளினார்கள். பறக்கும் எழுத்து, சுழலும் மெனு, திறந்ததும் பாட்டு. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது; 2021 ஜனவரி 12 முதல் அந்தச் செயலியே ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்தது. மாற்றாமல் விட்ட தளங்கள் வெற்றுப் பெட்டியாக நின்றன. பிறர் கையில் இருப்பதை நம்பினால் அப்படித்தான். டிசைனர்கள் வேலைகளைப் பகிரும், 2005இல் தொடங்கிய பிஹான்ஸ் போன்ற தளங்களில் வேலையைப் போடுவது நல்லதுதான், நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் அது வாடகை வீடு. பிஹான்ஸே 2012இல் அடோபியின் கைக்குப் போனது. சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, தளத்தை எளிய பக்கமாகச் செய்து, மூலக் கோப்புகளின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்வது மேல்.

எல்லாம் முடிந்தபின், விலை குறைந்த ஒரு செல்போனில் தளத்தைத் திறந்து, வெயிலில் நின்று பாருங்கள். சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பது அங்கேதான் புரியும். அப்படியே உங்கள் போன் நம்பரையும் தொட்டுப் பாருங்கள். அழகுக்காக அதைப் படமாக்கி ஒட்டியிருந்தால், எத்தனை முறை தட்டினாலும் கால் போகாது.