மைக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் நாக்குத் துண்டையும் கன்னச் சதையையும் அறுத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளியை நான் பார்ப்பதே இல்லை. ஆனால் "இனிமே எப்படி இருக்கும்?" என்று வீட்டார் டாக்டரிடம் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை என் மேசையில்தான் கிடக்கிறது.

வெட்டிய ஓரங்களில் முதலில் மை தடவுவோம். பிறகு சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கடைசிப் புற்றணுவுக்கும் மைக்கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நல்ல சதை இருக்கிறது என்று அளப்போம். 5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. 1 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் வாயில் மிச்சம் இருக்கலாம். வெட்டியதும் சதை சுருங்கிவிடும். "நான் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினேனே" என்று சர்ஜன்கள் சண்டைக்கு வருவது அதனால்தான்.

அடுத்தது ஆழம். அகலமாகப் படர்ந்த புண்ணைவிட, சின்னதாக இருந்து கீழே இறங்கிய புண்ணுக்குத்தான் நான் பயப்படுவேன். 2018இல் நடைமுறைக்கு வந்த ஸ்டேஜ் கணக்கும் இதை ஏற்றுக்கொண்டது. 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிய கட்டி என்றாலும், 5 மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கியிருந்தால் அது டி1 இல்லை, ஒரு படி மேலே டி2.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி கழுத்து நெறிகட்டிகள். ஒன்றில் புற்று இருந்தாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகும்; நெறிகட்டியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தால் இன்னும் மோசம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பநிலை வாய்ப்புற்றுக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்தையும் சுத்தம் செய்துகொண்டவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்.

லேப் ஜன்னலில் ஒரு பையன் கேட்டான்: "மேடம், அம்மாவுக்கு எத்தனை வருஷம்னு இதுல போட்டிருக்கா?"

"அப்படியெல்லாம் போட மாட்டோம்ப்பா. கரண்ட் வைக்கணுமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ண இது." கரண்ட் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை.

சதவீதம் என்பது பல பேரின் கணக்கு. அதில் அவன் அம்மா எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓரத்தில் புற்று இருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ கரண்டோடு கீமோவும் சேர்ப்பது பலன் தரும் என்று 2004இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. ரிப்போர்ட்டின் உபயோகம் அங்கேதான்.

கரண்ட் தேவையென்றால் ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பல் பிடுங்க வேண்டும், பணம் புரட்ட வேண்டும், வீட்டில் ஒரு கல்யாணம் என்று நாள் கடத்துகிறார்கள். நான் மில்லிமீட்டர் பார்த்து எழுதியது அந்தத் தாமதத்தில் வீணாகிறது. திரும்ப வருகிற புற்று பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வருவதால், செக்கப்புகளையும் அப்போது நெருக்கி வைப்பார்கள். வலி இல்லையென்று தவறவிடக் கூடாது.

புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்பவர்களுக்கு ஒன்று: பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மீதமுள்ள கன்னமும் அதே பாக்கில் ஊறியதுதான்.