வானத்தில் ஒரு சாட்டையடி

மேகமில்லாத வானத்தில் இடி இடிக்குமா? 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிற்பகலில் பெங்களூர் மக்கள் இப்படித்தான் திகைத்தார்கள். சன்னல்கள் அதிர்ந்தன. நில நடுக்கமோ என்று பலர் அஞ்சினர்; ஆனால் நில அதிர்ச்சி எதுவும் பதிவாகவில்லை. அது, ஒலியினும் விரைந்து பறந்த விமானப்படை விமானம் ஒன்றின் ஓசை என்று அன்றே பாதுகாப்புத் துறை விளக்கியது. விமானமோ நகருக்கு வெளியே, வெகு தொலைவில், 36,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்தது.

இந்த ஒலிமுழக்கம் எப்படிப் பிறக்கிறது?

எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில் கல்லைப் போட்டால் அலை வட்டமாக விரியும். அதே நீரில் வாத்து விரைந்து நீந்தினால், அலைகள் அதை முந்த முடியாமல் ஆப்பு வடிவில் பின்னே விரியும். காற்றிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. தரையருகே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். குளிர் மிகுந்த 11 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 1,060. விமானம் இவ்வேகத்தை மிஞ்சும்போது, அது எழுப்பும் அழுத்த அலைகள் முன்னே செல்ல வழியின்றித் திரண்டு, அதிர்ச்சி அலையாகிக் கூம்பு வடிவில் பின்தொடர்கின்றன. அக்கூம்பின் விளிம்பு நம்மைக் கடக்கும்போது 'டமார்' என்று கேட்கிறது. மூக்கிலிருந்து ஓர் அலை, வாலிலிருந்து ஓர் அலை வருவதால், சில வேளை இரட்டை வெடியாகவும் கேட்கும்.

ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் மட்டுமே வெடி எழும் என்று நானும் எண்ணியிருந்தேன். அது தவறு. விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் வரை கூம்பும் உடன் செல்கிறது. வழியிலுள்ள ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கேட்கின்றன. நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் விமானம் போயிருக்கும்.

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்யா, உங்க தாத்தா சாட்டையைச் சொடுக்கினா மாட்டு மேல படாமலே சத்தம் வருமே, அது எதுல வருது?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். வீச்சு நுனியை நோக்கி ஓடும்போது, சாட்டை மெலிந்துகொண்டே போவதால் வேகம் ஏறி ஒலியை மிஞ்சிவிடுகிறதாம். அந்தச் சொடுக்கும் ஒரு சிறு ஒலிமுழக்கமே!

1947 அக்டோபர் 14-இல் அமெரிக்கர் சக் யேகர், எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை மிஞ்சிப் பறந்ததைப் பாடமாகப் படிக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே, மாட்டுவண்டி ஓட்டிய கைகள் சாட்டை நுனியில் அதைச் செய்திருக்கின்றன. அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா!" என்று சிரித்தார்.