மாறாத நோவும் மங்காத விசுவாசமும்

எத்துணைப் பெரிய கப்பலையும் தன் மடியில் ஏந்தவல்ல ஆழம் கொண்டது திருக்கோணமலைத் துறைமுகம். அதனைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மக்களிற் பெரும்பாலோர் உடலுழைப்பை நம்பி வாழ்பவர்கள். வலை இழுப்போரும், மூட்டை சுமப்போரும், வயலில் குனிந்து நிற்போரும், அடுப்படியில் நாள் முழுதும் நிற்கும் தாய்மாருமாகிய இவர்களின் முதுகும் முழங்காலும் ஓய்வறியாது தேய்கின்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் பொங்கி வந்த கடற்கோளும் பலருடைய உடலில் ஆறாத வடுக்களைப் பதித்துச் சென்றன.

ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அயலவர் வந்து விசாரிப்பர். கஞ்சி காய்ச்சிக் கொடுப்பர். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோவையோ எவரும் விசாரிப்பதில்லை. அது வெளியே தெரியாது. சொல்லிச் சொல்லிச் சலித்தபின் சொல்லவும் மனம் வராது. நோயுற்றவர் கிறிஸ்தவராயின், அவருக்கு மற்றுமொரு பாரமும் சேர்ந்துகொள்கின்றது. ஆண்டவர் குருடருக்குக் கண் கொடுத்தார், முடவரை நடக்கச் செய்தார் என்று அவர் ஞாயிறுதோறும் கேட்கிறார். தாமும் செபித்தார், நேர்ச்சை வைத்தார், உபவாசம் இருந்தார். நோவு போகவில்லை. முதலாம் ஆண்டில் கண்ணீரோடு எழுந்த செபம் ஐந்தாம் ஆண்டில் வெறுஞ்சொல்லாய் வறண்டுவிடுகின்றது. இத்தகையவர் குணமளிக்கும் இறைவன்மீது மீண்டும் விசுவாசம் கொள்வது எங்ஙனம்?

ஊற்றைக் கண்ட பெண்

நம் நகரையடுத்த பாலையூற்றில் லூர்து அன்னையின் ஆலயம் உண்டு. லூர்து என்ற பெயரைச் சொன்னதும் நம் நினைவுக்கு வருவது அற்புத சுகமே. ஆனால், அவ்வூற்றைக் கண்ட பெண்ணின் வரலாற்றை நம்மிற் பலர் முழுமையாக அறியோம்.

1858ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் நாள், பிரான்சு நாட்டின் லூர்து நகரில், பெர்னதெத் என்ற பதினான்கு வயது ஏழைப் பெண் விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் ஒரு காட்சியைக் கண்டாள். அம்மாதம் 25ஆம் நாள் அவள் கையால் தோண்டிய இடத்தில் ஊற்றுநீர் சுரந்தது. அந்நீரை நாடி அன்று தொட்டு இன்றுவரை உலகெங்கிலுமிருந்து பிணியாளர் செல்கின்றனர். பெர்னதெத்தோ சிறு வயதிலேயே ஈளை நோய்க்கு ஆளானவள். 1866இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, பிற நோயாளரைப் பராமரித்தாள். பின்னர் அவளுடைய முழங்காலில் எலும்புருக்கி நோய் பற்றிக் கொடிய வேதனை தந்தது. 1879 ஏப்ரில் 16ஆம் நாள், முப்பத்தைந்தே வயதில், அந்நோவுடனேயே கண் மூடினாள். உலகுக்கு ஊற்றைக் காட்டியவளின் உடற்பிணி அவ்வூற்றினால் தீரவில்லை! ஆயினும், அவளுடைய விசுவாசத்தில் குறை கண்டார் எவருமிலர். 1933ஆம் ஆண்டு திருச்சபை அவளைப் புனிதையென அறிவித்தது.

அதே ஊற்றை நாடிச் சென்றவர்களில் மற்றொருவர் பெர்னதெத் மொரியோ என்னும் பிரெஞ்சுக் கன்னியர். முள்ளந்தண்டின் கீழ்ப்புற நரம்புகள் பாதிக்கப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வருந்திய அவர், 2008ஆம் ஆண்டு லூர்துக்கு யாத்திரை சென்று திரும்பிய சில நாட்களில் குணமடைந்தார். மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தபின், 2018ஆம் ஆண்டு அது லூர்தின் எழுபதாவது அற்புதமாக ஏற்கப்பட்டது. லூர்திலே சுகம் பெற்றதாக அறிவித்தவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். அற்புதமெனத் திருச்சபை ஏற்றவை மிகச் சிலவே.

ஒரு பெர்னதெத் சுகம் பெற்றார். ஒரு பெர்னதெத் பெறவில்லை. முன்னவர் அதிகம் விசுவசித்தார், பின்னவர் குறைவாக விசுவசித்தார் என்று சொல்லத் துணிபவர் யார்?

டோனாவூர் அறையிலிருந்து

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திற் பிறந்தவர். 1894இல் நம் இலங்கையிலும் சிறிது காலம் பணிபுரிந்து, 1895இல் இந்தியா சேர்ந்தார். நெல்லைச் சீமையின் டோனாவூரில், ஆலயங்களுக்கு நேர்ந்துவிடப்படும் அபாயத்திலிருந்த சிறுமியரைக் காத்து வளர்த்தார். ஓயாது ஓடியாடி உழைத்த அவர், 1931 அக்டோபர் 24ஆம் நாள் களக்காட்டில் அந்தி மயங்கும் வேளையில் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் தாக்குண்டது. விரைவில் எழுந்து நடப்பார் என்றே எல்லோரும் எண்ணினர், அதற்காகவே செபித்தனர். அவரோ 1951 ஜனவரி 18ஆம் நாள் காலமாகும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே நோவோடு வாழ்ந்தார்.

அவ்வறையிலிருந்து பல நூல்கள் பிறந்தன. 1933இல் வெளிவந்த ஒரு நூல், நோயாளி ஒருவர் பிற நோயாளருக்கு எழுதிய மடல்களின் தொகுப்பு. சுகமாயிருப்போர் நோயுற்றோருக்குச் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் மனத்தைத் தொடுவதில்லை என்பதை அவர் படுக்கையிற் கிடந்தே கண்டார். தம் கால் நடவாத நாளில் தம் எழுத்தைப் பிறரிடம் நடக்கவிட்டார் எனலாம். அவர் கேட்ட சுகம் வரவில்லை. ஆயினும் அவர் வாழ்வு வீணாகவுமில்லை.

பழி சுமத்தலாகாது

“உனக்கு விசுவாசம் போதாது, அதனாலேதான் சுகம் வரவில்லை” என்று நோயாளியிடம் சொல்வோர் நம்மிடையே உண்டு. புண்ணிலே புளியைத் தேய்ப்பது போன்ற கொடுஞ்சொல் இது. வேதாகமமே இதனை ஒப்புவதில்லை. பவுல் அடியார் தம் உடலிலுள்ள முள் நீங்குமாறு மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. யோபு துன்புற்ற வேளையில், அவனுடைய பாவமே காரணம் என வாதித்த நண்பர்களைத்தான் இறைவன் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, அவனுமல்லன், அவன் பெற்றோருமல்லர் என்பதே ஆண்டவரின் மறுமொழி.

மருந்தும் மன்றாட்டும்

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் நோவை மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். கள்வன் போன பின்பும் குரைத்துக்கொண்டே இருக்கும் காவல் நாயைப் போல, காயம் ஆறிய பின்பும் சிலருக்கு நரம்பு மண்டலம் ஓயாது அபாயக் குரல் எழுப்புகின்றது. இது கற்பனையன்று, பாசாங்குமன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நாட்பட்ட நோவுக்குத் தனியிடம் வகுத்துள்ளது. குளிசையோடு, அளவான உடற்பயிற்சி, ஒழுங்கான உறக்கம், மனச் சஞ்சலத்தைத் தணிக்கும் ஆலோசனை ஆகியவையும் சேர்ந்தே இதற்குச் சிகிச்சையாகும். நோவு முற்றாக நீங்காவிடினும், நடமாட்டமும் நித்திரையும் மேம்படுவதுண்டு.

இச்சிகிச்சையை நாடுவது விசுவாசக் குறைவு என எண்ணுவது பெருந்தவறு. நற்செய்தி எழுதிய லூக்காவை வைத்தியர் என்றே பவுல் அழைக்கிறார். நோயுற்றவர் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி மன்றாடுமாறு யாக்கோபின் நிருபம் கூறுகின்றது. கத்தோலிக்கர் முன்பு ‘அவஸ்தைப் பூசுதல்’ எனக் கூறி, மரணத் தறுவாயிலேயே இதனை நாடினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதனை ‘நோயிற் பூசுதல்’ என்றழைப்பதே சாலப் பொருந்துமென்றது. கடும் நோயோடு வாழ்பவர் உயிர் பிரியும் வேளைவரை காத்திராமல் அதைக் கேட்டுப் பெறலாம். மருந்தை ஒரு கையிலும் மன்றாட்டை மறு கையிலும் ஏந்துவதே முறை.

விசுவாசத்தைப் புதுப்பிக்கும் வழி

வறண்ட செபம் மீண்டும் ஊறுவதற்கு முதல் வழி, உள்ளதை உள்ளபடி சொல்வதாகும். சங்கீதப் புத்தகத்தில் முறையீடுகள் நிறைந்திருக்கின்றன. ‘எதுவரைக்கும் ஆண்டவரே?’ என்று இறைவனிடமே கேட்பவன் விசுவாசத்தை இழந்தவனல்லன். இழந்தவன் அவரிடம் கேட்கவே மாட்டான். அடுத்தது, வாழ்நாள் முழுமைக்குமான சுகத்தை ஒரே மூச்சில் கேட்டுக் களைத்துப் போகாமல், இன்றைய பொழுதுக்கான பெலனைக் கேட்பது. இன்றிரவு நித்திரை, நாளை காலை எழுந்து நடக்கும் தைரியம், வீட்டாரோடு சினவாத நாவு ஆகிய இவையும் சுகமே. பெரிய சுகத்தைக் கேட்பதையும் விட்டுவிட வேண்டியதில்லை. அதனைத் தருவதும் தராததும் அவர் சித்தம்.

இல்லத்தாருக்கும் கடமையுண்டு. “இன்னுமா நோகிறது?” என்று கேளாதீர்கள். “இன்று எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் மெல்ல நடக்கும் பாட்டியோ, சுவரைப் பிடித்து எழும் தந்தையோ இருந்தால், கிளினிக் நாளில் அவரோடு துணை செல்லுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். ஆலயத்தில் அமர முடியாதவரின் வீடு தேடிச் சென்று சிறிது நேரம் அவரோடு செபியுங்கள். தன்னை மறவாத மனிதரைக் கண்டவன், தன்னை மறவாத இறைவனை நம்புவது எளிது.

நோவு மாறினால் நன்றி கூறுவோம். மாறாவிடினும் தனித்து விடப்படோம் என்று தேறுவோம். பெர்னதெத் மடத்திலும், ஏமி அம்மையார் டோனாவூர் அறையிலும் கொண்டிருந்த விசுவாசம் இதுவேயாகும்.