தொழிலால் வந்த பெயர்கள் – 7: துணி மிதித்தவர்களின் சந்ததி

சென்ற வாரம் கொல்லர் வழிவந்த ஸ்மித் குடும்பங்களைப் பார்த்தோம். இங்கிலாந்தின் கம்பளித் தொழிலோ, ஒரே வேலையைச் செய்தவர்களுக்கு மூன்று குடும்பப் பெயர்களைத் தந்து, அவற்றைப் பிரதேசவாரியாகப் பங்கிட்டும் வைத்தது. தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன் முதலிய தென்மேற்குச் சீமைகளில் டக்கர், வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். இம்மூன்று குடும்பத்தாரின் மூதாதையரும் துணியை மிதித்துப் பதப்படுத்தி ஜீவனம் செய்தவர்களே.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுப்பதற்கு லாயக்கற்றது. ஆட்டு ரோமத்தின் இயல்பான பிசுக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஊறிக் கிடக்கும், இழைகளும் நெகிழ்ந்திருக்கும். அதைத் தொட்டியில் இட்டு, நாட்கணக்கில் வைத்திருந்து காரமேறிய மூத்திரத்தை ஊற்றி, முழங்காலுக்கு மேல் ஆடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் ஓயும் வரை மிதிப்பார்கள். பிறகு பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து மீண்டும் மிதிப்பார்கள். நம் நாட்டில் முல்தானி மிட்டி என்று விற்கும் மண் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மிதிக்க மிதிக்க ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பின்னி, துணி சுருங்கிக் கெட்டிப்பட்டு, குளிருக்கு ஈடுகொடுக்கும் பக்குவத்தை அடையும். பாம்பேயி நகரத்துச் சுவர்ச் சித்திரம் ஒன்றில், ரோமானியத் தொழிலாளர் தொட்டிகளில் நின்று இவ்வாறே மிதிக்கும் காட்சியை இன்றும் காணலாம்.

இத்தனை பழமையான கால்வேலைக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு போட்டி முளைத்தது. நீர்ச்சக்கரம் சுழன்று மரச்சம்மட்டிகளை மாறிமாறித் தூக்கிப் போட, தொட்டியிலுள்ள துணி தானாகவே அடிபடும் ஆலைகள் தோன்றின. டெம்ப்ளர் வீரத் துறவியர் 1185ல் எடுத்த சொத்துக் கணக்கில் இத்தகைய ஆலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. வேகமாக ஓடும் ஓடைகள் கிராமாந்தரங்களில் இருந்தமையால், நகரங்களை விட்டுத் தொழிலும் அவற்றைத் தேடிப் போயிற்று என்று எலினோரா கேரஸ்-வில்சன் என்ற சரித்திர ஆசிரியை 1941ல் எழுதினார். ஆயினும் எல்லாரும் ஆலையை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணுவதற்கில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி, தம் ஆலைக்கே துணியைக் கொண்டுவந்து கட்டணம் செலுத்த வேண்டுமென்று குடிகளை நிர்ப்பந்தித்தார். 1274ல் அவர்களோ தத்தம் வீடுகளிலேயே துணியைப் பதப்படுத்திக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். காசு மிச்சமாயிற்று என்பதோடு, சொந்தக் காலின் உழைப்பைப் பிறருடைய சக்கரத்துக்கு அடகுவைக்க மறுத்த மானமும் அதில் இருந்ததென்றே நான் கருதுகிறேன்.

சாமானியக் குடும்பங்களின் பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி நிலைபெற்றதும் ஏறக்குறைய பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில்தான். எனவே, நடப்பவன் என்று பொருள்படும் வாக்கர் என்ற பெயர், சம்மட்டி அடிப்பதை அருகில் நின்று மேற்பார்த்தவனுக்கும், தொட்டியில் கால் வைத்தே அறியாத அவன் மகனுக்கும், ஏர் பிடித்த பேரனுக்கும் உரியதாயிற்று. எக்ஸிடர் நகரில் நெசவாளரும் துணி பதப்படுத்துவோரும் சேர்ந்து 1471ல் எழுப்பிய மண்டபம் டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டில், துணி மிதிப்பவனின் மகன் என்று கேலிக் மொழியில் வழங்கிய குடும்பத்தாரிலும் பலர், ஆங்கிலம் பரவியபோது வாக்கர் என்றே தம் பெயரை மாற்றி எழுதிக்கொண்டனர்.

(தொடரும்)