பாதிக் கட்டணம் தள்ளுபடியாம்!

என் நாத்தனார் மகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கச் சென்னை, திருச்சி இரண்டு ஊரிலும் இடம் கிடைத்திருக்கிறது. சென்னையில் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்றதும், "அங்கேயே சேர்த்துடலாம்" என்றார்கள் வீட்டில். கடிதத்தைப் படித்தால், 'முதல் ஆண்டு' என்றுதான் இருக்கிறது. படிப்போ இரண்டு வருஷம்! ஹாஸ்டல், சாப்பாடு, பண்டிகைக்கு வந்து போகும் செலவெல்லாம் தனி.

இந்தப் படிப்பில் ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, கிராமம் என்று களப்பணிக்கு அலைய வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் பிஷப் ஹீபர் கல்லூரிக்கோ, காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத் துறைக்கோ டிபன் பாக்ஸோடு போய் வரலாம். 2021 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. (நம்மூரில் தனியார் பஸ்தான் முதலில் வந்து நிற்கும், அதற்குக் காசு உண்டு!)

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் தரும் 'புதுமைப் பெண்' 1000 ரூபாய் டிகிரியோடு நின்றுவிடும். மேல்படிப்புக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், தோழியரே. பேங்க் கடனுக்கு 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லைதான். ஆனால் வட்டியோடு கட்டப்போவது அந்தப் பெண்ணாச்சே!

அவளுக்கோ மனநல சமூகப்பணியில் ஆசை. அந்தப் பிரிவு எங்கே நன்றாக இருக்கிறது என்று சீனியர் பெண்களிடம் விசாரிக்கச் சொன்னேன். இரண்டாம் வருஷமும் தள்ளுபடி உண்டா என்று சென்னைக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவதாக இருக்கிறோம்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.