தலைக்குப் பின்னால் ஒரு ரோஜா

முதலாம் எலிசபெத்தின் ஆறு பென்னி நாணயத்தில் அதன் மதிப்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது. சுமார் 26 மில்லிமீட்டர் அகலம், 3 கிராம் எடை. ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு சிறிய ரோஜா. மறுபக்கம் கேடயத்துக்கு மேலே ஆண்டு. இந்த ரோஜாவை அழகுக்காக வைக்கவில்லை. 1561இல் ஆறு, மூன்று, ஒன்றரை, முக்கால் பென்னிகள் புதிதாக வந்தபோது, ஏற்கெனவே புழங்கிய நாணயங்களோடு அவை குழம்பிவிடும் ஆபத்து இருந்தது. அதனால் புதியவற்றில் ரோஜா. பழைய ஒரு பென்னி, இரண்டு பென்னிகளில் அது கிடையாது. படிக்கத் தெரியாதவரும் ஏமாற வேண்டியதில்லை.

காசு விஷயத்தில் மக்கள் ஏமாற்றத்துக்கு அஞ்சியதற்குக் காரணம் எலிசபெத்தின் அப்பா. எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போனார். 92.5 சதவீதமாக இருந்த வெள்ளி, 1546இல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நேராகப் பார்க்கும் ஹென்றியின் முகத்தில் மூக்குதான் மேடு. முதலில் தேய்ந்து செம்பு தெரிந்ததும் அதுவே. ‘செம்பு மூக்கர்’ என்று ஊரே கேலி செய்தது. 1560-61இல் எலிசபெத் மட்டமான காசுகளைத் திரும்பப் பெற்றார். அதற்கு முன், 12 பென்னிக்கு வெளியான ஷில்லிங்குகளில் சுமாரானவற்றுக்குக் கோட்டை வாயிலின் இரும்புக் கிராதி முத்திரை குத்தி நாலரைப் பென்னி என்றும், படுமோசமானவற்றுக்கு வேட்டைநாய் முத்திரை குத்தி இரண்டேகால் பென்னி என்றும் விலை வைத்தார்கள். முத்திரை குத்திய காசு இன்று கிடைப்பது அபூர்வம். எனக்கு இந்தக் காலத்து நாணயங்களிலேயே மிகவும் பிடித்தவை அவைதான்.

மீண்டும் ஆறு பென்னிக்கு வருவோம். அதன் விளிம்பையொட்டிய எழுத்துகள் தொடங்கும் இடத்தில் அம்பு முனை, ஓக் மரக் கொட்டை, கை என்று ஒரு குறி இருக்கும். எந்தக் காலத்தில் அடித்தது என்று பரிசோதகர்கள் கண்டுபிடிக்க வைத்த நாணயசாலைக் குறி அது. ஆண்டு தேய்ந்திருந்தாலும் குறி கைகொடுக்கும்: அம்பு முனை என்றால் 1561-65.

பெரும்பாலானவை சுத்தியலால் அடித்தவை. வட்டம் கோணலாகவே இருக்கும். அதைக் குறை என்று ஒதுக்க வேண்டாம். எழுத்துகளே பாதி வெட்டுப்பட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும்: யாரோ விளிம்பைக் கத்தரித்து வெள்ளி திருடியிருக்கிறார்கள். அந்நாளில் அது ராஜத்துரோகம். எனவே வாங்குமுன் எடை போடுங்கள். கச்சிதமான வட்டத்தில் ஒன்று கிடைத்தால் உடனே போலி என்றும் முடிவுகட்ட வேண்டாம். எலோய் மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561 முதல் 1571 வரை லண்டன் கோபுரத்தில் இயந்திரத்தால் அடித்தவை அப்படித்தான் இருக்கும். கைத்தொழிலாளர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, இயந்திரம் நின்றது. 1578இல், கள்ள நாணயம் அடித்த குற்றத்துக்காக அவரைத் தூக்கில் போட்டார்கள்.