துவக்கும் பென் டிரைவும் அதன் மறுபடியும்

பூட்டு விற்கும் கடைக்காரர் அதனோடு இரண்டு சாவிகளைச் சேர்த்தே கொடுக்கிறார். ஒன்று தொலையக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், கணினியைத் துவக்குவதற்கென்று நாம் ஆக்கிவைக்கும் பென் டிரைவுக்கு இரண்டாவது சாவியை எவரும் தருவதில்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டும். அதனைச் செய்யும் முறையையும் காக்கும் முறையையும் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

சாதாரணப் பென் டிரைவ், கடிதங்களையும் படங்களையும் சுமந்து செல்லும் ஒரு பை. துவக்கும் பென் டிரைவோ அத்தகையதன்று. அதனுள்ளே லினக்ஸ் போன்றதோர் இயங்குதளம் முழுவதும் குடியிருக்கிறது. கணினியில் உள்ள இயங்குதளம் பழுதுபட்டுத் திரை இருண்டு நிற்கும் வேளையில், இதனைச் செருகித் துவக்கினால் இயந்திரம் மீண்டும் எழுந்துவிடும். வன்தட்டு நல்ல நிலையில் இருக்குமாயின், உள்ளே அகப்பட்டுக்கொண்ட கணக்குகளையும் கட்டுரைகளையும் மீட்டுவிடலாம். ஆபத்து நேரும் நாளில் மட்டுமே தேடப்படும் பொருள் இது. அந்த நாளில் இதுவும் கைவிட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும்.

"அதிலுள்ள கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறேனே, போதாதா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பெரும்பாலும் போதாது என்பதே என் விடை. பழைய முறையில் துவங்கும் கணினி முதலில் கோப்புகளைத் தேடுவதில்லை. சேமிப்பின் தலைப்பில் உள்ள 512 பைட்டுகளையே படிக்கிறது. அவற்றுள் 446 பைட்டுகள் துவக்கக் கட்டளைகளுக்கு உரியவை. 64 பைட்டுகள் உட்பகுதிகளின் எல்லைகளைக் கூறும் அட்டவணை. எஞ்சிய 2 பைட்டுகள் ஓர் அடையாள முத்திரை. இந்தத் தலைப்பகுதி எந்தக் கோப்பிலும் அடங்குவதன்று; ஆகையால், கோப்புகளை நகலெடுக்கும்பொழுது இது விடுபட்டுப்போகிறது. யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையில் துவக்க நிரல் ஒரு கோப்பாகவே இருப்பினும், அது உரிய வகைப் பகுதியில் உரிய இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஆகவே, முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை ஒன்றும் விடாமல் படியெடுப்பதே முறை. இவ்வாறு எடுத்த படிக்குப் 'படிமம்' என்று பெயர். லினக்ஸில் 'டிடி' என்னும் கட்டளை இப்பணியைச் செய்கிறது. படியெடுக்கும்பொழுது அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கிக்கொண்டிருத்தல் கூடாது. எழுதிக்கொண்டே இருக்கும் ஏட்டைப் பிழையின்றிப் படியெடுக்க இயலாதன்றோ? மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மூலம் எது, படி எழுதப்படும் இடம் எது என்பதை மாற்றிக் கூறிவிட்டால், அக்கட்டளை கேள்வி எதுவும் கேளாமல் மூலத்தையே அழித்துவிடும். பெயரையும் கொள்ளளவையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கட்டளையிட வேண்டும்.

16 ஜிகாபைட் என்று மேலே அச்சிட்ட இரண்டு பென் டிரைவுகள் உள்ளளவில் சிறிதே வேறுபடுவதுண்டு. பெரியதன் படிமம் சிறியதில் அடங்காது. இரண்டாவதை வாங்கும்பொழுது சற்றுக் கூடுதலான கொள்ளளவு உள்ளதை வாங்குவது விவேகம்.

படிமம் பிழையற்றதா என்று அறிய எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கீடு துணைசெய்கிறது. அது எவ்வளவு பெரிய படிமத்தையும் 64 எழுத்திலக்கங்கள் கொண்ட ஒரு முத்திரையாகச் சுருக்கித் தரும். படிமத்தில் ஒரே ஒரு பைட்டு மாறினாலும் முத்திரை வேறாகிவிடும். ஆயினும், முத்திரை ஒத்திருப்பது மட்டும் போதாது. படிமத்தை இரண்டாவது பென் டிரைவில் எழுதி, அதைக்கொண்டு கணினியை ஒருமுறை துவக்கிப் பார்க்க வேண்டும். துவக்கிப் பாராத மறுபடி வெறும் நம்பிக்கையே, காப்பு ஆகாது.

இனி, பாதுகாப்பு. ஃபிளாஷ் நினைவகத்தை 1984-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர், தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஜப்பானியப் பொறியியலார் ஃபுஜியோ மசுவோகா. அதன் நுண்ணறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமே நம் எழுத்தாக நிற்கிறது. எழுதி அழிக்குந்தோறும் அறைகள் தேய்கின்றன. வாளாவிருந்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்துகிறது. ஆதலின் வெயிலில் நிற்கும் வண்டியினுள் அதை விட்டுவைத்தல் ஆகாது. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததைச் சோதியாமல் நம்புவதும் ஆகாது.

அயல் கணினிகளில் செருகுவதாலும் தீங்கு வரும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் யு.எஸ்.பி. டிரைவுகளின் வழியாகவும் பரவியது. எழுதுவதைத் தடுக்கும் விசை சில பென் டிரைவுகளில் உண்டு. கிடைத்தால் அவற்றையே தேர்ந்துகொள்ளலாம். விசை இல்லையேல், துவக்குவதற்கென வைத்ததைக் கோப்புச் சுமக்கும் பணிக்குப் பயன்படுத்தாதிருப்பதே நல்ல காவல். அதில் கடவுச்சொற்கள் முதலியன இருப்பின், படிமத்திலும் அவை இருக்கும்; மூலத்துக்குச் செய்யும் காவலைப் படிமத்துக்கும் செய்ய வேண்டும்.

இறுதியாக ஒன்று. எந்தக் கணினியை மீட்பதற்காக இதனை ஆக்கினோமோ, அந்தக் கணினியிலேயே ஒரே படிமத்தைப் போட்டு வைக்கலாகாது. ஒன்று வீட்டிலும் மற்றொன்று வேறோர் இடத்திலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் துவக்கிப் பாருங்கள். இதற்குச் செலவாவது அரைமணி நேரமே. அது காப்பதோ பல ஆண்டு உழைப்பு.